டெல்லி யூனிவர்சிட்டில பி.ஏ. பிலாசபி: நம்பி சேரலாமா? படிச்சவளோட ரிவ்யூ

டெல்லி தமிழ் வீடுகள்ல பிளஸ் டூ ரிசல்ட் சீசன் ஆரம்பிச்சா எனக்கு மெசேஜ் வர ஆரம்பிச்சிடும். ஆர்.கே.புரம் மாமி, மயூர் விஹார் அங்கிள், அப்பாவோட பழைய ஆபீஸ் ஃப்ரெண்டு, எல்லாருக்கும் ஒரே கேள்வி. "பொண்ணு பிலாசபிதான் எடுப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கறாம்மா, நீ அதானே படிச்சே, சோறு போடுமா அது?" ஒவ்வொருத்தருக்கா தனித்தனியா டைப் அடிச்சு விரல் தேஞ்சதுதான் மிச்சம். மிக்ஸி வாங்கறதுக்கு முன்னாடி நாப்பது ரிவ்யூ படிக்கறோம், மூணு நாலு வருஷம் கொட்டிக் குடுக்கற டிகிரிக்கு ஒண்ணாவது இருக்கட்டுமேன்னு எழுதறேன்.

முதல்லயே ஸ்டார் சொல்லிடறேன், 5க்கு 3.5. கோர்ஸுக்குள்ள என்ன சொல்லித் தராங்கங்கறதுக்கு மட்டும்னா 4.5 குடுப்பேன். நடத்தற விதத்துக்கு 3. டிகிரியை மட்டும் கையில வெச்சுக்கிட்டு நேரா வேலை தேடறதுக்கு 2, அதுவும் தாராள மனசோட. இந்த மூணையும் கலந்து பேசறதாலதான் வீட்டுல சண்டையே வருது, அப்பா மூணாவதைப் பத்தி பேசறாரு, பொண்ணு முதலாவதைப் பத்தி பேசறா.

சேர்றது எப்படின்னு சுருக்கமா சொல்லிடறேன். 2022லேர்ந்து டெல்லி யூனிவர்சிட்டில சியூஇடிங்கற பொது நுழைவுத் தேர்வு ஸ்கோர் வெச்சுதான் அட்மிஷன். ஹிந்து, மிராண்டா ஹவுஸ், லேடி ஸ்ரீராம், ஸ்டீபன்ஸ் எல்லாத்துலயும் பிலாசபி ஆனர்ஸ் இருக்கு. ஸ்கூல்ல பிலாசபி படிச்சிருக்கணும்னு கட்டாயம் இல்ல, சயின்ஸ் குரூப் பசங்களும் வரலாம், வர்றாங்க. எகனாமிக்ஸ், இங்கிலீஷ் அளவுக்கு ஸ்கோர் தேவைப்படாதுங்கறதால காலேஜ் பேருக்காக மட்டும் இதுக்குள்ள நுழையற கூட்டம் ஒண்ணு எல்லா வருஷமும் உண்டு, கிளாஸ்ல பாதிப் பேர் அந்த ரகம்தான். அவங்கதான் இரண்டாவது செமஸ்டர்ல ஜெர்மன் தத்துவவாதி பேரைப் பார்த்து "யார்ரா இந்த கான்ட்"னு கேன்டீன்ல தலையில கை வெச்சு உக்காந்திருப்பாங்க. நான் படிச்சப்ப மூணு வருஷ கோர்ஸ், 2022லேர்ந்து புது சிஸ்டத்துல நாலாவது வருஷமும் இருக்கு, வேணாம்னா மூணோட டிகிரி வாங்கிட்டு கிளம்பலாம். வருஷத்துக்கு 44 கிரெடிட், மூணு வருஷத்துக்கு 132, நாலுன்னா 176. என் சித்தி பொண்ணு இப்ப இந்த புது சிஸ்டத்துலதான் இருக்கா, அவ சொல்றதையும் சேர்த்துத்தான் எழுதறேன். ஃபீஸ் காலேஜுக்கு காலேஜ் மாறும், ஆனா என்சிஆர்ல பிரைவேட் யூனிவர்சிட்டி ஒண்ணுல இதே சப்ஜெக்ட்டுக்கு லட்சக்கணக்குல கேக்கறதோட பார்த்தா இது ஒண்ணுமே இல்ல.

இனி உள்ள என்ன இருக்குன்னு. எங்க மாமா நான் சேர்ந்தப்ப "சாமியாரா போகப் போறியா"ன்னு கேட்டாரு. பிலாசபின்னா தாடி, தத்துவப் பாட்டு, வாட்ஸப்ல குட் மார்னிங் மெசேஜ் அப்படின்னு நினைக்கறவங்களுக்கு முதல் அடி லாஜிக் பேப்பர்ல விழும். கோப்பியோட லாஜிக் புக்தான் எங்களுக்கு பாடப்புத்தகம், அதுல பாதி கணக்கு மாதிரியே இருக்கும், ட்ரூத் டேபிள் போடணும், சிம்பலை வெச்சு ஒரு வாதம் தேறுமா தேறாதான்னு ஒவ்வொரு ஸ்டெப்பா நிரூபிக்கணும், நடுவுல ஒரு ஸ்டெப் விட்டா மார்க் காலி. மேத்ஸ் பிடிக்காதுன்னு ஆர்ட்ஸ் பக்கம் ஓடி வந்த என் ஃப்ரெண்டு ஒருத்தி முதல் வாரமே அழுதா, கடைசில அவதான் அந்த பேப்பர்ல டாப்.

இன்ஜினியரிங் தவிர வேற எதுவும் படிப்பே இல்லன்னு சொல்ற அப்பாக்களுக்கு நான் சொல்ற ஒரு விஷயம் இருக்கு. க்ளாட் ஷானன்னு ஒருத்தர், இன்ஃபர்மேஷன் தியரிக்கு அப்பா, மிச்சிகன் யூனிவர்சிட்டில படிக்கறப்ப ஒரு பிலாசபி கிளாஸ்லதான் ஜார்ஜ் பூலோட லாஜிக்கைத் தெரிஞ்சுக்கிட்டாரு. அதை எடுத்துட்டுப் போய் ஸ்விட்ச் சர்க்யூட்ல வெச்சு 1937ல எம்ஐடில மாஸ்டர்ஸ் தீசிஸ் எழுதினாரு, இன்னிக்கு உங்க பையன் கோடிங் பண்ற லேப்டாப் உள்ள ஓடற டிஜிட்டல் சர்க்யூட்டுக்கெல்லாம் அடிப்படை அதுதான். இதைச் சொன்னா அப்பாக்கள் ஒரு நிமிஷம் அமைதியாவாங்க, அப்புறம் "அவரு எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங்கும் படிச்சாருல்ல"ன்னு கேப்பாங்க. ஆமா, படிச்சாரு. அது ரொம்ப நியாயமான கேள்வி, அதுக்குக் கீழ வரேன்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது இந்தியன் பிலாசபி பேப்பர். சேர்றதுக்கு முன்னாடி அது பஜனை மாதிரி இருக்கும்னு பயந்தேன். ஆனா முதல் யூனிட்லயே சார்வாகன்னு பழைய இந்திய நாத்திகக் கட்சிக்காரன் வந்து நிக்கறான், கண்ணால பார்த்ததைத் தவிர எதையும் நம்ப மாட்டேன், புகை இருந்தா நெருப்பு இருக்கும்னு நீ எப்படிச் சொல்ற, இருக்கற எல்லாப் புகையையும் எல்லா நெருப்பையும் போய்ப் பார்த்துட்டு வந்தியான்னு கேக்கறான். அதுக்கு நியாயம்ங்கற தர்க்கப் பள்ளிக்காரங்க வரிசையா பதில் சொல்றாங்க, பிரதிக்ஞை, ஏது, உதாரணம், உபநயம், நிகமனம்னு அஞ்சு படி. மலையில நெருப்பு இருக்கு, ஏன்னா புகை தெரியுது, புகை இருக்கற இடத்துல நெருப்பு இருக்கும் அடுப்படில பார்க்கற மாதிரி, இந்த மலையிலயும் அப்படிப் புகை, அதனால நெருப்பு இருக்கு. அதே சார்வாகன் கேள்வியை வேற ரூபத்துல 18ஆம் நூற்றாண்டுல ஹ்யூம்னு ஒரு ஸ்காட்லாந்துக்காரர் கேட்டிருக்காருன்னு அடுத்த செமஸ்டர்ல தெரியறப்ப ஒரு கிக் வரும் பாருங்க, அதுக்காகவே ஒரு ஸ்டார் தரலாம்.

இன்னொரு விஷயம், இது தமிழ்ப் பசங்களுக்கு மட்டும். ஸ்கூல்ல மணிமேகலைன்னா அமுதசுரபி, ஆபுத்திரன், அதோட நிறுத்திட்டாங்க. ஆனா அந்தக் காப்பியத்தோட கடைசிப் பகுதில அவ வஞ்சி நகரத்துல ஒவ்வொரு சமயக்காரங்களா போய் உங்க கொள்கை என்னன்னு கேக்கறா, அப்புறம் காஞ்சில அறவண அடிகள் கிட்ட பௌத்த அளவை இயல் முழுசா பாடம் கேக்கறா, பக்கம்னா என்ன, ஏதுன்னா என்ன, எந்தெந்த ஏது போலி ஏதுன்னு ஒரு காதை முழுக்க லாஜிக் கிளாஸ்தான். எங்க சார் பிஹார்க்காரர், அவருக்கு இதைச் சொன்னப்ப அசந்து போயிட்டாரு, ஒரு காவியத்துக்குள்ள பௌத்த தர்க்க அறிஞர் திங்நாகர் பாணி லாஜிக்கான்னு. அன்னிலேர்ந்து கிளாஸ்ல "தமிழ் சோர்ஸ் என்ன சொல்லுது"ன்னு என்னைப் பார்த்துக் கேப்பாரு, பதில் தெரியாம நான் முழிச்ச நாளும் உண்டு.

சரி, புகழ்ந்தது போதும், நடத்தற விதத்துக்கு ஏன் 3ன்னு சொல்றேன். எங்க காலேஜ் பேர் வேணாம், நார்த் கேம்பஸ் பக்கம்னு மட்டும் வெச்சுக்கங்க. நல்ல டீச்சர் கிடைச்சா சொர்க்கம், கிடைக்கலைன்னா பத்து வருஷப் பழைய நோட்ஸை டிக்டேட் பண்றதைக் கேட்டு எழுதிட்டு வரணும், கேள்வி கேக்கறதுக்குன்னே இருக்கற சப்ஜெக்ட்ல கேள்வி கேட்டா மூஞ்சி சுளிக்கற டீச்சரையும் பார்த்திருக்கேன். செமஸ்டர் நடுவுல டீச்சர் மாறுவாங்க, ஒருத்தர் பிளேட்டோவை ஆரம்பிச்சுட்டுப் போவாரு, அடுத்தவர் வந்து திரும்பப் பிளேட்டோவையே ஆரம்பிப்பாரு. சித்தி பொண்ணு சொல்றா, இப்ப புது சிஸ்டத்துல ஸ்கில் பேப்பர், வேல்யூ ஆடட் பேப்பர்னு இடையில நிறைய சொருகிட்டதால மெயின் சப்ஜெக்ட்டுக்கு மூச்சு முட்டுதாம். மார்க்கும் கஞ்சத்தனம்தான், பக்கத்து டிபார்ட்மென்ட்ல 85 வாங்கறவன் இங்க 70ஐப் பார்த்தா கோயிலுக்குத் தேங்கா உடைக்கணும்.

அப்புறம் படிக்க வேண்டியது எல்லாமே இங்கிலீஷ், அதுவும் மொழிபெயர்ப்பு இங்கிலீஷ். கான்ட் ஒரு சென்டென்ஸை ஆரம்பிச்சாருன்னா அடுத்த பக்கத்துலதான் முற்றுப்புள்ளி வெப்பாரு. ஊர்லேர்ந்து தமிழ் மீடியம்ல படிச்சுட்டு நேரா இங்க வர்ற பசங்க முதல் வருஷம் ரொம்பக் கஷ்டப்படுவாங்க, இதை மறைச்சு யாரும் சேர்த்து விடாதீங்க.

புக்கு செலவு ரொம்பக் கம்மி, எல்லாமே ஜெராக்ஸ் கட்டுதான். இங்க ஒரு குட்டிக் கதை. டி ஸ்கூல், அதாவது டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், ஜெராக்ஸ் கடை மேல 2012ல ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாதிரி பெரிய பப்ளிஷர்கள் கேஸ் போட்டாங்க, எங்க புத்தகத்துலேர்ந்து பக்கம் எடுத்து கோர்ஸ் பேக் விக்கறாங்கன்னு. 2016ல டெல்லி ஹைகோர்ட் பாடம் நடத்தறதுக்காக அப்படி எடுக்கறது காப்பிரைட் மீறல் ஆகாதுன்னு சொல்லி அந்தக் கேஸைத் தள்ளிடுச்சு. அப்பீலும் போனாங்க, கடைசில 2017ல பப்ளிஷர்களே வாபஸ் வாங்கிட்டாங்க. அந்த ஜட்ஜ்மென்ட்டை எங்க கிளாஸ்ல ஒருத்தன் பிரின்ட் எடுத்து வாதத்தை ஸ்டெப் ஸ்டெப்பா பிரிச்சு வெச்சிருந்தான், இப்ப அவன் வக்கீல், ஆச்சரியமே இல்ல.

இப்ப சோறு விஷயம்.

கேம்பஸ் பிளேஸ்மென்ட்டுக்கு வர்ற எந்தக் கம்பெனியும் "பிலாசபி ஆள் வேணும்"னு கேட்டு வராது. வந்தா கன்டென்ட், ரிசர்ச் அசிஸ்டென்ட், எட்-டெக் சேல்ஸ், எப்பவாவது கன்சல்டிங், அதுவும் எந்த டிகிரியா இருந்தாலும் ஓகேங்கற லிஸ்ட்ல. இந்த டிகிரில கைக்கு வர்றது மாவு, தோசையை நாமதான் சுட்டுக்கணும், தோசைக்கல்லுங்கறது இரண்டாவது ஸ்டெப், அதாவது டிகிரிக்கு அப்புறம் போற படிப்போ பரீட்சையோ. கரியர் கவுன்சிலிங்ல ஜார்ஜ் சோரோஸ் பிலாசபி, பீட்டர் தியெல் பிலாசபி, ஸ்லாக் ஆரம்பிச்ச ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டு பிலாசபின்னு ஸ்லைடு போடுவாங்க, எல்லாம் உண்மைதான், ஆனா தியெல் அதுக்கு மேல லா படிச்சாரு, சோரோஸ் போய் ஃபைனான்ஸ்ல விழுந்து எழுந்தாரு, பட்டர்ஃபீல்டு கேம்பிரிட்ஜ்ல எம்.ஃபில் பண்ணிட்டு வந்தும் சாஃப்ட்வேர் பக்கம் போனாருங்கறதை ஸ்லைடுல போட மாட்டாங்க. நம்ம பெரியவங்க ராதாகிருஷ்ணன் பேரைச் சொல்வாங்க. அவர் மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல பிலாசபி எடுத்ததே சொந்தக்காரப் பையன் படிச்சு முடிச்ச புத்தகங்கள் ஓசில கிடைச்சதாலதான், எம்.ஏ. முடிச்சு 1909ல பிரசிடென்சி காலேஜ்ல வாத்தியாரா சேர்ந்தாரு. ஓசி புத்தகத்துல ஆரம்பிச்சு 1962ல ராஷ்டிரபதி பவன் வரை போயிட்டாருதான், ஆனா ஒருத்தரை வெச்சு எல்லாரும் அப்படின்னு சொன்னா எங்க லாஜிக் மேடம் பேப்பர்ல சிவப்பு மையால சுழிச்சிடுவாங்க.

அப்ப எந்த இரண்டாவது ஸ்டெப்புக்கு இது நிஜமாவே உதவுது?

யூபிஎஸ்சி நடத்தற சிவில் சர்வீஸ் பரீட்சைக்கு கண்ணை மூடிக்கிட்டு உதவும்னு சொல்வேன். மெயின்ஸ்ல ரேங்க்குக்கு எண்ணற மார்க் 1750. பிலாசபி ஆப்ஷனல் எடுத்தா இரண்டு பேப்பர், 500 மார்க். 2013லேர்ந்து ஜிஎஸ், அதாவது பொது அறிவு, நாலாவது பேப்பர் எதிக்ஸ், அது ஒரு 250. கட்டுரை 250, அதுல சமீபத்துல வர்ற தலைப்பெல்லாம் பாருங்க, பாதி பிலாசபி கிளாஸ்ல குடுக்கற அசைன்மென்ட் மாதிரியே இருக்கும். கூட்டிப் பாருங்க, 1750ல 1000 மார்க்குக்கு இந்தப் படிப்போட காத்து அடிக்குது. ஆப்ஷனல் சிலபஸும் மத்த சப்ஜெக்ட்களை விடச் சின்னது, முதல் பேப்பர்ல பிளேட்டோலேர்ந்து குவைன், ஸ்ட்ராசன் வரைக்கும், சார்வாகன்லேர்ந்து அரவிந்தர் வரைக்கும், இரண்டாவதுல அரசியல் தத்துவமும் மதத் தத்துவமும். அந்த இரண்டாவது பேப்பர்ல பாதி எங்க காலேஜ்ல நடத்தவே இல்ல, அதைத் தனியா உக்காந்துதான் படிக்கணும். ஆனா ஒண்ணு, வருஷத்துக்கு சுமார் ஆயிரம் இடம், எழுதறவங்க லட்சக்கணக்குல. ஓல்டு ராஜீந்தர் நகர்லயும் கரோல் பாக்லயும் ரூம் எடுத்து வருஷக்கணக்கா உக்காந்திருக்கற நம்ம ஊர்ப் பசங்களைக் கேளுங்க, ஆப்ஷனல் கையில இருக்கறது ஒரு படி ஏறினதுதான், மாடிக்கு வந்தாச்சுன்னு அர்த்தம் இல்ல.

லா இன்னொண்ணு, என்னைக் கேட்டா இதுதான் ரொம்பப் பொருத்தம். டிகிரி முடிச்சுட்டு மூணு வருஷ எல்எல்பி, டெல்லி யூனிவர்சிட்டிலயே இருக்கு, சியூஇடி பிஜி எழுதணும். ஒரு செக்ஷனைப் படிச்சு இதுக்குள்ள எது நிபந்தனை, எது விதிவிலக்கு, இந்த "அல்லது" எதோட சேருதுன்னு பிரிக்கறது பிலாசபி பசங்களுக்கு மூணு வருஷமா ஊறின வேலை. எம்பிஏ சேர்றதுக்குக் கேட் (CAT) எழுதறவங்களுக்கும் இங்கிலீஷ் பகுதில வர்ற கடினமான பாசேஜ் பயம் காட்டாது, ஆனா கணக்குப் பகுதிக்கு இந்தப் படிப்பு ஒரு துளி கூட உதவாது, அதுக்குத் தனியா கோச்சிங்.

வெளிநாட்டுக்குப் போறவங்க கிட்ட ஒரு கிராஃப் சுத்திட்டு இருக்கும், மேல்படிப்புக்கு எழுதற ஜிஆர்ஈ பரீட்சைல வெர்பல், ரைட்டிங் இரண்டுலயும் பிலாசபி பக்கம் போறவங்க ஆவரேஜ்தான் டாப்புன்னு. அது உண்மை, வருஷா வருஷம் அந்த ஸ்கோர் அப்படித்தான் வருது. ஆனா பிலாசபி படிச்சதால ஸ்கோர் வந்துச்சா, இல்ல ஏற்கனவே நல்லாப் படிக்கற பசங்கதான் அங்க பிலாசபி பக்கம் போறாங்களா? இந்தக் கேள்வியைக் கேக்காம கிராஃபை ஃபார்வர்ட் பண்றவன் முதல் செமஸ்டர்ல தூங்கியிருக்கான்னு அர்த்தம்.

ரிசர்ச் பக்கம் போனா யூஜிசி நெட் தேர்வு எழுதணும், வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும். ஜேஆர்எஃப்ங்கற ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப் கிடைச்சா 2023லேர்ந்து மாசம் 37,000, வீட்டு வாடகைப் படி தனி, அப்புறம் சீனியர் ஃபெலோஷிப்பான எஸ்ஆர்எஃப் ஆனா 42,000. ஐசிபிஆர்னு (இந்தியன் கவுன்சில் ஆஃப் பிலசாஃபிகல் ரிசர்ச்) 1977ல ஆரம்பிச்ச ஒரு கவுன்சில் இருக்கு, பிலாசபிக்குன்னே ஃபெலோஷிப் குடுக்கறாங்க, அவங்க ஆபீஸ் இங்க துக்ளகாபாத் பக்கம்தான், இதை நிறையப் பேருக்குத் தெரியவே தெரியாது. பி.எச்.டி. முடிச்சு பெர்மனென்ட் லெக்சரர் போஸ்ட் கிடைக்கறதுக்குள்ள தலை நரைச்சிடும், அதையும் சேர்த்து யோசிங்க.

இப்ப யாரும் சொல்லாத குழி. "ஒண்ணும் இல்லைன்னா பி.எட். முடிச்சு டீச்சராகிடலாம்"னு நம்ம அம்மாக்கள் எல்லாரும் சொல்வாங்க. பிலாசபில அது வேலைக்கு ஆகாது. கேந்திரிய வித்யாலயா மாதிரி ஸ்கூல்ல சோஷியல் டீச்சராகணும்னா டிகிரில ஹிஸ்டரி, ஜியாகிரபி, எகனாமிக்ஸ், பொலிட்டிகல் சயின்ஸ்ல இரண்டு படிச்சிருக்கணும், அதுல ஒண்ணு ஹிஸ்டரியோ ஜியாகிரபியோ கட்டாயம், பிலாசபி அந்த லிஸ்ட்லயே கிடையாது. எனக்குத் தெரிஞ்ச ஒரு அக்கா பி.எட்.டும் முடிச்சுட்டுத்தான் இதைக் கண்டுபிடிச்சாங்க, திரும்ப வேற எம்.ஏ. போட வேண்டியதாப் போச்சு. டீச்சர் வேலைதான் லட்சியம்னா வேற சப்ஜெக்ட் எடுங்க, இல்லைன்னா அந்த சப்ஜெக்ட்ஸ் சேர்ந்து வர்ற பி.ஏ. புரோகிராம் எடுங்க, இதை அட்மிஷனுக்கு முன்னாடி கேட்டுத் தெளிவு பண்ணிக்கங்க.

நான் இப்ப ஒரு கன்சல்டிங் ஆபீஸ்ல பாலிசி ரிசர்ச் பண்றேன், நடுவுல ஒரு எம்.ஏ. பப்ளிக் பாலிசி போட்டுத்தான் இங்க வந்தேன். டீம்ல பாதிப் பேர் இன்ஜினியர்ஸ், எக்செல்ல என்னைத் தூக்கிச் சாப்பிட்டுருவாங்க. ஆனா அரசாங்க டிராஃப்ட் ஒண்ணு அறுபது பக்கம் வந்தா முதல்ல என் டேபிளுக்குத்தான் வரும், எட்டாவது பக்கத்துல சொன்ன வரையறையும் நாப்பதாவது பக்கத்துல அதே வார்த்தையை யூஸ் பண்ண விதமும் இடிக்குதுன்னு கண்டுபிடிச்சுச் சொல்றதுக்கு. பாஸ் கேட்டாரு, இது எங்க கத்துக்கிட்டன்னு. கான்ட்டோட ஒரு சென்டென்ஸை ராத்திரி ஒரு மணி வரைக்கும் பிரிச்சு மேய்ஞ்சா தன்னால வரும் சார்னு சொன்னேன், சிரிச்சுட்டாரு, இன்க்ரிமென்ட் போடல.

சைடு எஃபெக்ட் ஒண்ணு, ஃபேமிலி வாட்ஸப் குரூப்ல இருக்க முடியாது. பெரியப்பா ஒரு ஃபார்வர்ட் போட்டா கை தன்னால "இது வாதம் இல்ல பெரியப்பா, சொன்ன ஆளைத் திட்டறீங்க, அவர் சொன்னதுக்குப் பதில் சொல்லலை"ன்னு டைப் அடிக்கும். மலை மந்திர்ல கிருத்திகைக்குப் போனா யாராவது சொந்தக்காரங்க "இவதான் எல்லாத்துக்கும் எதிர்க்கேள்வி கேப்பா"ன்னு என்னை அறிமுகப்படுத்துவாங்க.

யாருக்கு வேணாம்னு சொல்வேன்னா, டிகிரி முடிச்ச மாசமே வீட்டுக்குச் சம்பளம் வந்தாகணும்னு நிலைமை இருக்கறவங்களுக்கு வேணாம், அவங்க பி.காம். பக்கம் போறது புத்திசாலித்தனம், அதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல. படிக்கறதே அலர்ஜின்னா வேணாம். காலேஜ் பேருக்காக மட்டும் வர்றவங்களுக்கும் வேணாம், வேற சப்ஜெக்ட்டுக்கு மாறிக்கலாம்னு நினைச்சு வந்து மாட்டிக்கிட்ட ஆளுங்களை நிறைய பார்த்தாச்சு. லா, சிவில் சர்வீஸ், பாலிசி, ஜர்னலிசம், ரிசர்ச், இதுல ஏதோ ஒண்ணு மனசுல இருக்கு, இன்னும் இரண்டு மூணு வருஷம் படிக்க வீட்டுல தாங்குவாங்கன்னா தாராளமா எடுங்க.

ரெண்டுங்கெட்டானா இருக்கறவங்களுக்கு ஒரு வழி இருக்கு. டெல்லி யூனிவர்சிட்டில எந்த ஆனர்ஸ் படிச்சாலும் வேற டிபார்ட்மென்ட்லேர்ந்து ஜெனரிக் எலெக்டிவ் எடுக்கணும், அதுல லாஜிக், எதிக்ஸ் மாதிரி பிலாசபி பேப்பரும் வரும். உங்க காலேஜ்ல எது ஓடுதுன்னு ஆபீஸ்ல கேட்டுட்டு லாஜிக் இருந்தா அதை எடுங்க, எதிக்ஸ் ஈஸின்னு சீனியர்ஸ் சொல்வாங்க, கேக்காதீங்க. ஃபார்ம் ஃபில் பண்ற அன்னிக்கு காலையிலயே பண்ணிடுங்க, சீட் கம்மி, மதியத்துக்குள்ள ஃபுல் ஆகிடும்னு சித்தி பொண்ணு சொல்லச் சொன்னா.